சொந்தக் காரில் நேபாளம், பூட்டான்: எல்லை பர்மிட் பற்றி நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரைத் தாண்டினால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி என்று இரண்டு சோதனைச் சாவடிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் என்பதால், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்குப் பர்மிட் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் போர்டு வண்டி கர்நாடகத்துக்குள் நுழையக் கட்டும் பணமும் அதற்குத் தரும் சீட்டும்தான் நம் ஊர் வழக்கில் பர்மிட். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காசிக்குப் போகிறவர்கள், அங்கிருந்து ஒரு எட்டு நேபாளமும் பார்த்துவிட்டு வரலாம் என்று, "எல்லையில் பர்மிட் போட்டுக்கொள்ளலாம்" என்ற ஒற்றை வரியை நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள். நாட்டின் எல்லையைத் தாண்ட ஆளுக்கு ஒரு தாள், வண்டிக்கு ஒரு தாள், இன்சூரன்சுக்கு ஒரு தாள் என மூன்று தனித்தனித் தாள்கள் வேண்டும். ஒன்றை முடித்தவுடன் மூன்றும் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். நேபாளத்துக்கு இரண்டு முறையும் பூட்டானுக்கு ஒரு முறையும் கிருஷ்ணகிரியிலிருந்து காரிலேயே போய் வந்தவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் நமக்கு விசா வேண்டாம் என்கிறார்களே, பிறகு எதற்குப் பர்மிட்?

விசா வேண்டாம் என்பது உண்மை. நேபாளத்தைப் பொறுத்தவரை, 1950-ஆம் ஆண்டின் இந்திய நேபாள ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் போய் வரலாம். ஆளுக்கென்று தனியாக நுழைவுச் சீட்டு எதுவும் தருவதில்லை, அடையாள ஆவணத்தைக் காட்டினால் போதும். பூட்டானில் விசா இல்லையென்றாலும், ஒவ்வொருவருக்கும் நுழைவு அனுமதி வாங்கியாக வேண்டும், இரவுக் கணக்கில் கட்டணமும் உண்டு. ஆனால் இந்த இரண்டும் மனிதர்களுக்கான ஏற்பாடு. உங்கள் டிஎன் 24, டிஎன் 29 அல்லது டிஎன் 70 வண்டி அந்த நாடுகளின் கண்ணில் ஒரு வெளிநாட்டுச் சரக்கு. அதை விற்காமல் திரும்பக் கொண்டுபோய்விடுவீர்கள் என்ற உறுதியின்பேரில்தான் சுங்கத்துறை தற்காலிகமாக உள்ளே விடுகிறது. ஆகவே, வண்டிக்கான தாள் சுங்கத்தின் வேலை, ஆளுக்கான தாள் குடிநுழைவுத் துறையின் வேலை. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தச் சன்னலில் எதைக் கேட்பது என்ற குழப்பம் வராது.

ஆதார் அட்டை போதாதா?

போதாது என்று வைத்துக்கொண்டே புறப்படுங்கள். வயது வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அடையாள அட்டை, இந்த இரண்டில் ஒன்று வேண்டும். பூட்டானில் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும் நிலையில் இருக்க வேண்டும். ஆதாரை அவர்கள் ஏற்பதில்லை.

வாக்காளர் அட்டையில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. அட்டையில் இனிஷியல் முன்னால் இருக்கும், லைசென்சில் பின்னால் இருக்கும், ஆர்.சி.யில் தந்தை பெயரே முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். இனிஷியல் என்ற வழக்கமே இல்லாத ஊரில் இந்த மூன்றும் மூன்று ஆட்களாகத் தெரியும். பாஸ்போர்ட் இருந்தால் அதையே கொண்டு போவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

குழந்தைகளுக்கு என்ன ஆவணம்?

பாஸ்போர்ட் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். இல்லையென்றால் பூட்டானுக்குப் பிறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும். நேபாளத்துக்குப் பிறப்புச் சான்றிதழோடு படம் ஒட்டிய பள்ளி அடையாள அட்டையும் இருப்பது நல்லது. தமிழில் மட்டும் உள்ள பழைய சான்றிதழை ஆங்கிலத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேபாள எல்லையில் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

அங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் 'பன்சார்'. நேபாளியில் சுங்கம் என்று பொருள். சுங்க அலுவலகத்தையும் அது தரும் சீட்டையும் ஒரே பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். இந்தியப் பக்கத்தில் சசஸ்திர சீமா பல் என்ற எல்லைக் காவல் படையின் வீரர்கள் வண்டியை ஒரு பார்வை பார்த்து அனுப்புவார்கள். அதைத் தாண்டி நேபாள வளைவுக்குள் நுழைந்தவுடன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், அடையாள ஆவணம் ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு பன்சார் அலுவலகத்துக்கு நடந்து செல்ல வேண்டும். யாரும் உங்களைக் கூப்பிட்டு நிறுத்தமாட்டார்கள். சாலை திறந்தே கிடக்கும். அதனால் எதுவும் தேவையில்லை என்று எண்ணி நேராகப் போய்விட்டவர்கள், ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போக்குவரத்துப் போலீசார் சீட்டைக் கேட்கும்போதுதான் விழிக்கிறார்கள்.

படிவத்தில் வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், போகும் ஊர், தங்கும் நாட்கள் ஆகியவற்றை எழுத வேண்டும். கட்டணம் நாள் கணக்கு. காருக்கு ஒரு விகிதம், இரு சக்கர வண்டிக்குக் குறைந்த விகிதம். பன்சார் முடிந்ததும், சாலையில் ஓட்டுவதற்கான அனுமதியைப் போக்குவரத்துப் பிரிவில் வாங்க வேண்டும். அதற்கு 'யாதாயாத்' என்று பெயர். பன்சார் சீட்டு கையில் வந்ததும் கிளம்பிவிடாமல், "யாதாயாத் எங்கே?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இடைத்தரகர்கள் இருக்கத்தான் செய்வார்கள். "சாப், பன்சார்?" என்று வண்டிக் கண்ணாடியைத் தட்டுகிறவர் பெரும்பாலும் அலுவலர் அல்லர். படிவம் நிரப்பிக்கொடுத்துச் சிறு தொகை வாங்கிக்கொள்வதோடு நின்றால் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் படிவம் தேவநாகரியில் இருக்கும். ஆனால் அசல் ஆர்.சி.யை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

எத்தனை நாளுக்கு எழுதிக்கொள்ள வேண்டும்?

நினைத்ததைவிட ஒரு நாள் கூடுதலாக. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதல் முறை போனபோது ஐந்து நாள் என்று எழுதிக்கொடுத்தேன். திங்கட்கிழமை மாலை நுழைந்தவன் சனிக்கிழமை மாலை வெளியே வந்தால் ஐந்து நாள்தானே என்பது என் கணக்கு. நுழைந்த நாளே முதல் நாள் என்பதும், ஆகவே வெள்ளிக்கிழமையோடு என் சீட்டு முடிந்துவிட்டது என்பதும் சனிக்கிழமை எல்லையில் நிற்கும்போதுதான் தெரிந்தது. பிழை முழுக்க என்னுடையது. அபராதத்தைக் கட்டிவிட்டு, ஒன்றரை மணி நேரம் நின்று, வெளியே வந்தேன்.

சீட்டைப் படித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படித்தேன், அதில் இருந்த ஆண்டு 2020-களில் இல்லை, 2070-களில் இருந்தது. நேபாளத்தின் அரசு நாட்காட்டி விக்ரம் சம்வத். அது ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 57 ஆண்டுகள் முன்னால் ஓடுகிறது. அவர்களுடைய 2082-ஆம் ஆண்டு பிறந்த நாள் 2025 ஏப்ரல் 14, அதாவது நம் சித்திரை முதல் நாள். அந்த நாட்காட்டியும் நம்முடையதைப் போலவே சூரியனை வைத்து மாதம் கணக்கிடுவது என்பதால், தமிழ்ப் பஞ்சாங்கம் தெரிந்தவர்களுக்கு அது எளிது; ஒரு நாள் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மாதப் பெயர்தான் ஆளை ஏமாற்றும். 'பைசாக்' என்றால் காதுக்கு வைகாசி போல இருக்கும், உண்மையில் அது நம் சித்திரை. 'அசார்' என்றால் ஆடி என்று தோன்றும், அது ஆனி. 'சாவன்' என்பது நம் ஆவணி அன்று, ஆடி. பெயரைக் கேட்டு ஒரு மாதத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டால் கணக்கு சரியாக வரும். சீட்டு வாங்கியவுடன், கடைசி நாள் எதுவென்று கொடுத்தவரிடமே ஆங்கிலத் தேதியில் கேட்டு, சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்த வரம்பும் ஒன்று உண்டு: தனியார் இந்திய வண்டி ஒரு நிதியாண்டில் 30 நாட்கள் வரைதான் நேபாளத்தில் இருக்கலாம். அந்த நிதியாண்டும் சாவன் முதல் நாள், அதாவது நம் ஆடிப் பிறப்பையொட்டி, ஜூலை நடுவில் தொடங்குகிறது.

வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. அல்லது கடனில் இருக்கிறது. கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம், ஆனால் தாளோடு. உரிமையாளர் உடன் வராவிட்டால், யார் ஓட்டுகிறார், எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதைக் குறிப்பிட்டு அவர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதத்தை ஆங்கிலத்தில், நோட்டரி சான்றுடன் வைத்துக்கொள்வது நல்லது. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறியிருந்தால், நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்று வங்கியிடமும் ஒரு கடிதம் கேளுங்கள். எல்லையில் கேட்காமலும் விடலாம்; ஆனால் வண்டிக்கு ஏதேனும் நேர்ந்தால் கடன் ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகள் உயிர்பெற்று எழுந்துவிடும். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் கார்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக, எடுக்கும்போது போடும் ஒப்பந்தமே பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

என் இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நீங்கள் வைத்திருக்கும் முழு இன்சூரன்ஸ் பாலிசியின் எல்லைப் பரப்பு இந்தியா மட்டுமே. அது பாலிசித் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எல்லைக் கோட்டைக் கடந்த நொடியிலிருந்து உங்கள் கார் பாதுகாப்பு இல்லாத கார். பன்சாரும் யாதாயாத்தும் எல்லையிலேயே கிடைக்கும் தாள்கள், மறந்துவிட்டால் வழியில் போலீசாராவது கேட்டு நினைவுபடுத்துவார்கள். இன்சூரன்சை யாரும் நினைவுபடுத்தமாட்டார்கள், எல்லையில் போய் அதை வாங்கவும் முடியாது. கிருஷ்ணகிரியில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை அது ஒன்றுதான்; பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

இதற்கு ஏற்பாடு இருக்கிறது. வண்டி இன்சூரன்சுக்கான விதிகளும் கட்டணங்களும் அடங்கிய இந்திய மோட்டார் டாரிஃப்பில் ஐ.எம்.டி. 1 என்ற எண்ணுள்ள கூடுதல் பிரிவு, பாலிசியின் எல்லையை நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு நீட்டித்துக்கொள்ள இடம் தருகிறது. டாரிஃப்பில் இதற்கு வைத்த தொகை, முழு பாலிசிக்கு 500 ரூபாயும் மூன்றாம் நபர் பாலிசிக்கு 100 ரூபாயும்தான். போகும் நாட்டின் பெயரைக் குறிப்பிட்டு உங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, நீட்டிப்பு ஏறிய தாளை அச்சாக வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் கவர் ஆகும் சார்" என்று போனில் சொல்வதைத் தாளாக எண்ணிவிடக் கூடாது. அவர் பொய் சொல்லமாட்டார். நம் ஊரில் இதை ஆண்டுக்கு ஓர் ஆள் கூடக் கேட்காததால், அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு வாரமாவது முன்னதாகக் கேளுங்கள். கூடவே, புகைச் சான்றிதழ் திரும்பி வரும் தேதி வரை செல்லுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெம்போ டிராவலர் வைத்திருக்கிறோம். அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் இருக்கிறது. அதிலேயே காத்மாண்டு போகலாமா?

அந்தப் பர்மிட்டின் பெயரே பதில் சொல்கிறது: அகில இந்தியா. 2023-ஆம் ஆண்டின் அகில இந்திய சுற்றுலா வாகன பர்மிட் விதிகள் ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் நிற்கும் தொல்லையைக் குறைத்திருக்கலாம். ஆனால் அவை இந்திய எல்லையோடு முடிந்துவிடுகின்றன. வாடகை வண்டிக்கு நேபாளத்தில் விதியும் வேறு, கட்டணமும் கூடுதல். தருமபுரியிலிருந்து காசி, கயா என்று ஆட்களை ஏற்றிச் செல்கிறவர்களுக்கு என் ஆலோசனை, வண்டியை எல்லையின் இந்தியப் பக்கத்தில் காவல் உள்ள இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து நேபாளப் பதிவு வண்டியைப் பேசிக்கொள்வதுதான். மலைப் பாதைக்கு உள்ளூர் ஓட்டுநர் கிடைப்பது கூடுதல் லாபம்.

எந்த எல்லை வழியாகப் போவது?

நேபாளத்துக்கென்றால் உத்தரப் பிரதேசத்தின் சுனௌலி. நம் சுங்கச் சாவடி வழியே ஓடும் 44-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு முன்பு 7 என்று எண் இருந்தபோது, அதன் ஒரு முனை கன்னியாகுமரி, மறுமுனை காசி. எண் மாறினாலும் தடம் மாறவில்லை. பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் வரை 44-இலேயே போய், ஜபல்பூர், ரீவா வழியாகக் கங்கைக் கரையைத் தொட்டு, கோரக்பூர் வழியாகச் சுனௌலி சேரலாம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எல்லையைத் தாண்டினால் லும்பினி மிக அருகில். காத்மாண்டு மட்டும் போதுமென்றால் பீகாரின் ரக்சௌல் வழியும் உண்டு. ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேற நினைத்தால், பன்சார் எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

பூட்டானுக்குக் கிருஷ்ணகிரியிலேயே பாதை பிரிந்துவிடும். வேலூர்ப் பக்கம் திரும்பிச் சென்னை, கொல்கத்தா, சிலிகுரி வழியாக மேற்கு வங்கத்தின் ஜெய்காவ். தெருவின் அந்தப் பக்கம் பூட்டானின் புன்ட்ஷோலிங்.

பூட்டானுக்கு வண்டியோடு போனால் எவ்வளவு ஆகும்?

நேபாளத்தைப் போலச் சில்லறைச் செலவாக இருக்காது. 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்தபோது, இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு 1,200 ரூபாய் என்று நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் வைத்தார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை பாதி, ஆறு வயதுக்குக் கீழே இல்லை. கணவன், மனைவி, எட்டு வயதில் ஒரு பிள்ளை, நான்கு வயதில் ஒரு பிள்ளை என்றால் ஓர் இரவுக்கு 3,000, ஐந்து இரவுக்கு 15,000 ரூபாய். தங்கும் அறையும் சாப்பாடும் இதில் சேராது. இந்தியப் பதிவு வண்டியை உள்ளே கொண்டுபோக நாள் கணக்கில் தனிக் கட்டணமும் உண்டு. 2022-இல் அது நாளொன்றுக்கு 4,500 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. கிளம்புவதற்கு முன் அன்றைய தொகையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து நாளுக்குச் சொந்த வண்டியின் கட்டணமே இருபதாயிரத்தைத் தாண்டும்போது, காரை ஜெய்காவில் விட்டுவிட்டுப் பூட்டான் வண்டியை அமர்த்திக்கொள்வதே சிக்கனம் என்பதை, சொந்த வண்டியில் போக ஆசைப்பட்டுப் போய் வந்தவனாகவே சொல்கிறேன்.

புன்ட்ஷோலிங் ஊரை மட்டும் பார்த்துவிட்டு 24 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு இரவுக் கட்டணம் இல்லை.

சர்வதேச ஓட்டுநர் உரிமம் வேண்டுமா?

இந்த இரண்டு நாடுகளிலும் நம் லைசென்சே போதும். மற்ற நாடுகளுக்கென்றால், நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே படிவம் 4ஏ கொடுத்து 1,000 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்குச் செல்லும் உரிமம் கிடைக்கும். அது ஓட்டுநருக்கானது, வண்டிக்கானது அன்று.

பணத்துக்கு என்ன செய்வது?

நேபாளத்துக்கு 100 ரூபாயும் அதற்குக் குறைந்த நோட்டுகளுமாகக் கட்டிக்கொண்டு போங்கள். 2018 டிசம்பரில் நேபாளம் நூறுக்கு மேற்பட்ட நம் நோட்டுகளுக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு விதி எப்படி மாறினாலும், கடைக்காரர் மறு பேச்சில்லாமல் வாங்குவது நூறு ரூபாய் நோட்டைத்தான். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய ஒன்றரை ரூபாயும் பத்துப் பைசாவும் என்ற விகிதம் 1993 முதல் மாறவில்லை. பூட்டானின் நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமம். இரண்டு நாடுகளிலும் பல கடைகளில் யு.பி.ஐ. செல்கிறது, பன்சார் சன்னலில் அதை நம்பி நிற்காதீர்கள்.

சித்திரை, வைகாசியில் போகிறோம். மாம்பழக் கூடை கொண்டு போகலாமா?

பன்சாரில் பயிர் நோய்த் தடுப்புச் சோதனையும் உண்டு. பழம், விதை, செடி எதுவாக இருந்தாலும் தடுக்கலாம். கூடைப் பெங்களூரா மாம்பழத்தை எல்லையில் பறிகொடுப்பதற்குப் பதிலாக, கோரக்பூரிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

முக்திநாத் வரை சொந்தக் காரில் போகலாமா?

ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம் என்பதால் நம் பக்கத்து வைணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சட்டம் தடுக்கவில்லை; சாலைதான் தடுக்கும். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அதாவது ஏற்காட்டைவிட இரண்டு மடங்குக்கும் அதிக உயரம். பொக்கராவிலேயே காரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் போங்கள். அந்தப் பகுதி அன்னபூர்ணா பாதுகாப்பு வட்டாரத்துக்குள் வருவதால் ஆளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். சார்க் நாட்டினருக்குச் சலுகைக் கட்டணம் என்பதால், இந்தியர் என்பதைச் சொல்லியே வாங்குங்கள்.

சமவெளியிலிருந்து பொக்கரா ஏறும் வழியில் புட்வலுக்கு மேலே உள்ள சித்தபாபா பகுதி நிலச்சரிவுக்குப் பேர்போனது. தொப்பூர்க் கணவாயில் கீழ் கியரில் இறங்கிப் பழகியவர்களுக்கு ஓட்டுவது புதிதாக இருக்காது. ஆனால் தொப்பூரில் மலை மேலேயிருந்து விழுவதில்லை. ஆனி முதல் புரட்டாசி வரை அந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள்.

எல்லா நாடுகளுக்கும் ஒரே பர்மிட் கிடையாதா? இலங்கை, மியான்மர் எல்லாம் எப்படி?

முயற்சி நடந்தது. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டே பூட்டானின் மேலவை அதை நிராகரித்தது. ஆகவே இன்றும் நாட்டுக்கு நாடு தனித் தாள்தான். நேபாளம், பூட்டானைத் தவிர மற்ற பல நாடுகளுக்கு 'கார்னே' என்ற சுங்கப் புத்தகம் வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்குப் பெருந்தொகைப் பிணை கட்டி, மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் வழியாக அதைப் பெறலாம். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு அந்தப் பாடு தேவையா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

திரும்பி வரும்போது ஏதேனும் செய்ய வேண்டுமா?

பன்சார் சீட்டைக் கொடுத்து, வண்டி வெளியேறியதைப் பதியச் சொல்ல வேண்டும். பதியாமல் வந்துவிட்டால், ஏட்டில் உங்கள் வண்டி இன்னும் நேபாளத்திலேயே இருக்கும். அடுத்த முறை போகும்போது அந்த நாட்கள் உங்கள் 30 நாள் கணக்கில் வந்து நிற்கும். முத்திரை விழுந்த சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, வண்டியை இந்தியப் பக்கம் திருப்புங்கள். கடிகாரத்தைக் கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.